ஆறுமாதக்காரர்

நீண்ட போர்களை நடத்துவது தளபதிகள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அந்த நினைப்பை இப்போதே ஓரமாக வைத்துவிடுங்கள். நடத்துகிறவர் ஆறுமாதக்காரர். தெருவுக்கு ஒருவராவது நிச்சயம் இருப்பார். இரண்டு கடல் தாண்டி, வரைபடத்தில் விரலை ஓட்டித் தேட வேண்டிய ஒரு நாட்டில், பதினோரு வருடமாக அவருடைய நாட்டுப் படை சண்டை போட்டுக்கொண்டிருக்கும். யாரோடு, எதற்கு என்று கேட்காதீர்கள், கோபம் வந்துவிடும். எப்போது முடியும் என்று கேளுங்கள். முகம் மலர்ந்துவிடும்.

"இன்னும் ஆறே மாசம்!"

பதினோரு வருடமாக இதுதான் பதில்.

நம்முடைய ஆறுமாதக்காரர் நிதித்துறை அலுவலகத்தில் குமாஸ்தா. மாதம் பிறந்தால் போர்ச்செலவுப் பட்டியல் வந்துவிடும். அந்தத் தொகை தேறும்வரை மற்ற துறைகளின் கோப்புகளில் 'ஒத்திவைக்கலாம்' என்று ரப்பர் முத்திரை குத்துவது அவர் வேலை. பள்ளிக்கூடக் கூரையா? டப். குடிநீர்க் குழாயா? டப். பாலமா? பாதி கட்டியாயிற்றே, மீதியை ஒத்திவைக்கலாம், டப். கோப்பைத் திறந்து படித்தால் மனசு இளகிவிடும் என்று, மூடிய அட்டையின் மேலேயே குத்திவிட்டு அடியில் சுருக்கொப்பம் போடுகிற முறையை அங்கே கொண்டுவந்தவரும் அவரேதான். அதைப் பாராட்டி அவருக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அச்சடிப்பதை ஒத்திவைத்துவிட்டதால், வாயால் சொன்னார்கள்.

அலுவலகமும் தப்பவில்லை. முதலில் மின்விசிறிகள் போயின. அப்புறம் மாடிக்கு ஒரு பல்பு என்றார்கள். அப்புறம் மூன்று மாடிக்கும் ஒரே பல்பு, அதைக் கழற்றிக்கொண்டு படியேறவும் இறங்கவும் ஓர் ஆள் என்றார்கள். கடைசியில் நாற்காலிகளை ஏலம் விட்டு, இரண்டு பேருக்கு ஒன்று என்று பங்கு போட்டார்கள். ஆறுமாதக்காரரும் டைப்பிஸ்ட்டும் ஆளுக்குப் பாதி. ஒருவர் தும்மினால் மற்றவர் கீழே.

"சார், இப்படியே போனா எங்க போய் முடியும்? நிறுத்திட்டு வந்துடலாமே," என்றார் டைப்பிஸ்ட், விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.

"என்னய்யா பேசுற? இத்தனை கோடியைக் கொட்டிட்டு நிறுத்தினா, கொட்டினதெல்லாம் வீணாயிடாதா?"

"வீணாகாம இருக்க?"

"இன்னும் கொட்டணும்!"

டைப்பிஸ்ட் தும்மினார்.

வீட்டில் மனைவிக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. தையல்காரி. போன மாதம் ஒருவருக்குச் சட்டை தைத்துக் கொடுத்தாள். கை இரண்டும் பிரமாதம், தலை நுழைய மட்டும் வழியில்லை. அதோடு வாடிக்கைக்காரர்கள் நின்றுபோனார்கள். இதற்கு மேல் தள்ளினால் பார்வை திரும்பாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இரண்டு வருடம் காத்திருந்து, அரசு ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். அவளும் மாற்றுப் புடவை, டம்ளர், சோப்பு எல்லாம் ஒரு பையில் எடுத்து வைத்துவிட்டாள்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது.

"எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க? படிங்க," என்று நீட்டினாள்.

அவர் மனசுக்குள் படித்தார். போர்ச்செலவை முன்னிட்டுக் கண் பிரிவு மூடப்படுகிறது. சிகிச்சைகள் யாவும் ஒத்திவைக்கப்படுகின்றன. சாட்சிக்குக் கோப்பு அட்டையின் நகலையும் இணைத்திருந்தார்கள். அதில் ஊதா மையில் கொஞ்சம் கோணலாக ஒரு முத்திரை. அடியில் அவருடைய சுருக்கொப்பம்.

போன மாதம் எந்த நாள், எந்த அட்டை என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"என்னங்க, எத்தனை மணின்னு போட்டிருக்கு? தள்ளி வச்சுட்டாங்களா?"

"இன்னும்... ஆறே மாசம்தான்."

"எந்தப் பாவி தள்ளி வச்சான்? கையெழுத்து இருக்குமில்ல, யாரோடதுன்னு பாருங்க."

அவர் கடிதத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார், தூரத்தில் வைத்தார், மடித்தார்.

"எழுத்து சரியாத் தெரியலை."

"அடக் கடவுளே! உங்களுக்குமா?" என்று பதறிப்போய், தடவித் தடவி வந்து அவர் கண்களைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டும் ஈரமாக இருந்தன.

நான் அப்படிப்பட்ட ஆளில்லை என்கிறீர்களா? சந்தோஷம். போருக்கு இதுவரை எவ்வளவு ஆயிற்று என்று இன்றைய பேப்பரில் போட்டிருந்தானே, எத்தனை சைபர் என்று எண்ணினீர்களா? பெரிய தொகை, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட்டீர்கள், இல்லையா? பரவாயில்லை. வாசலில் தபால்காரர் நிற்கிறார் போலிருக்கிறது, போய் என்னவென்று பாருங்கள்.