நேர்க்கோட்டில் முப்பத்தெட்டு சென்டிமீட்டர்

டான்யூப் நதிக்கரையில் இருக்கும் எங்கள் ஊர் நகராட்சியில், வளர்ப்புப் பிராணிகள் பிரிவின் மூத்த எழுத்தர் நான். பெயர் லூபென் கவ்ரிலோவ். ஊரில் பாம்பு வளர்க்கும் மோகம் பரவிய வருடத்தில், ‘பாம்பு வளர்ப்போர் நெறிமுறைகள்’ என்ற தலைப்பில் நாற்பத்தோரு விதிகளை எழுதிக் கையெழுத்துக்கு வைத்தேன். அதுவரை நான் பாம்பை நேரில் பார்த்ததில்லை. அது ஒரு குறையாக எனக்கும் தோன்றவில்லை, கையெழுத்துப் போட்டவர்களுக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் கவுன்டருக்கு வந்த ஒருவர் பதினாறாம் விதியில் விரலை வைத்து, இதை எழுதினவன் ஜென்மத்தில் பாம்பைத் தொட்டிருப்பானா என்று கேட்டார். எழுதினவன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குச் சுருக்கென்றது. போதாக்குறைக்கு, அலுவலகத்தில் தலைமை அதிகாரி முடியில்லாத பூனை வைத்திருந்தார், பக்கத்து மேஜைக்காரர் எட்டுக்கால் பூச்சி வைத்திருந்தார். என்னிடம் இருந்தது ஒரு தொட்டிச் செடி. அந்த வாரமே ஒரு மலைப்பாம்புக் குட்டியை வாங்கினேன். விற்றவர், இது இதற்குமேல் அவ்வளவாக வளராது என்று தன் தாயார் மேல் சத்தியம் செய்தார்.

என் மனைவி ரலித்சா எட்டிப் பார்த்துவிட்டு, காய்ந்த லுக்கான்கா மாதிரி இருக்கிறதே என்றாள். லுக்கான்கா என்பது நாங்கள் மதுவோடு கடித்துக்கொள்ளும் சாசேஜ். அதுவே பெயராகிவிட்டது. பதிவு செய்த அன்று குட்டி ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் நீட்டிப் படுத்திருந்தது. அறுபது சென்டிமீட்டர் என்று சிரமமில்லாமல் அளந்து எழுதினோம்.

லுக்கான்கா வளர்ந்தது. டப்பாவிலிருந்து கண்ணாடித் தொட்டிக்குப் போனது. அங்கிருந்து, விளக்கும் வெப்பமானியும் பொருத்திய அலமாரிக்குப் போனது. அலமாரியின் கண்ணாடிக் கதவை ஒருநாள் மூக்காலேயே தள்ளித் திறந்து, சலவை இயந்திரத்துக்குப் பின்னால் சூடு தேடிப் படுத்துக்கொண்டது. அதன் பிறகு பூட்டு வந்தது. மூன்றாம் வருடம் அது நான்கு மீட்டரைத் தொட்டபோது படுக்கையறையை அதற்கு ஒதுக்கிவிட்டு, நாங்கள் கூடத்து சோபாவுக்குக் குடிபெயர்ந்தோம். இருப்பிடத்தின் நீளம் பாம்பின் நீளத்துக்குக் குறையக் கூடாது என்பது என்னுடைய ஐந்தாம் விதி. மனிதர்களின் நீளத்தைப் பற்றி நான் எதுவும் எழுதியிருக்கவில்லை.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்த மூன்று வருடங்களில் நான் பாம்பை ஒருதடவைகூடத் தொடவில்லை. அலுவலகத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டு, அது எப்படி இறுக்கும் தெரியுமா என்று கதை விடுவேன். வீட்டில் எல்லாம் செய்தது ரலித்சா. தூக்குவதற்கு முன்னால் கொக்கியால் மெதுவாகத் தட்டி, இது சாப்பாட்டு நேரம் இல்லை என்று புரியவைப்பாள். இரை விழுங்கினால் இரண்டு நாள் கிட்டே போகமாட்டாள். தோல் உரிக்கும் சமயத்தில் அதன் கண்ணில் பால் போல் வெண்மை படர்ந்தால், ரேடியோவின் சத்தத்தைக்கூடக் குறைத்துவிடுவாள். இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட பாம்பைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்பது ஒன்பதாம் விதி. இரண்டாவது ஆளாக எதிர்வீட்டு தொப்ரின்கா அத்தை வருவாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவள், பாரத்துக்கு அஞ்சாதவள். நான் வாசலில் நின்று ஈரப்பதத்தைப் படித்துச் சொல்வேன்.

இந்த நிலையில்தான் மூன்று வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அளவெடுப்புக்கு பெஞ்சேவ் என்ற இளம் ஆய்வாளர் வந்தார். நல்ல பையன், நான் எழுதியதை எல்லாம் மனப்பாடம் செய்திருந்தான். பதினாறாம் விதி: ‘பாம்பின் நீளமானது மூக்கு நுனி முதல் வால் நுனி வரை நேர்க்கோட்டில் அளக்கப்படுதல் வேண்டும்.’ லுக்கான்கா சுருண்டு கிடந்தது.

“நேரா படுக்கச் சொல்லுங்க,” என்றார் பெஞ்சேவ்.

“என் புருஷனே சொன்னா கேட்டதில்ல தம்பி, இது கேக்குமா?” என்றாள் தொப்ரின்கா அத்தை.

இழுத்துப் பிடிக்கலாமா என்று அவர் கேட்டார். இழுத்தால் முதுகெலும்பு போய்விடும் என்று ரலித்சா மறுத்தாள். முதுகோடு ஒரு நூலை வைத்துவிட்டு, அந்த நூலை அளந்தால் போயிற்று என்றாள். நியாயமான யோசனை. நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சேவ் சங்கடப்பட்டார்.

“நூல் வளையுதே மேடம். விதில நேர்க்கோடுன்னு இருக்கு. எழுதினவரே இங்கதான் நிக்கறார், அவரையே கேளுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தப்பாக எழுதிவிட்டேன் என்ற இரண்டு வார்த்தைகளைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

“விதின்னா விதிதான்,” என்றேன்.

சுருண்டிருந்த பாம்பின் மூக்கு நுனிக்கும் வால் நுனிக்கும் நடுவே, நேர்க்கோட்டில், முப்பத்தெட்டு சென்டிமீட்டர் இருந்தது. அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

பத்து நாளில் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. அறுபது சென்டிமீட்டராக இருந்த பிராணி உங்கள் பராமரிப்பில் முப்பத்தெட்டாகச் சுருங்கியுள்ளது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் அது பட்டினி போட்டதாகக் கருதப்படும். ஏன் பறிமுதல் செய்யக் கூடாது என்று விசாரணையில் விளக்கவும். கடிதத்தின் நடை கச்சிதமாக இருந்தது. அலுவலகத்தில் அதை டைப் செய்ததே நான்தான்.

ரலித்சா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். சோபாவில் படுத்து மூன்று மாதமாக முதுகு வலிக்கிறது என்று புலம்பியவள் அவள். நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

விசாரணைக்கு லுக்கான்காவையே கொண்டுபோவது என்று அவள் தீர்மானித்தாள். மெத்தை உறைக்குள் விட்டு, உறையின் வாயைக் கட்டி, பெட்டியில் வைத்து தொப்ரின்கா அத்தையின் பழைய காரில் ஏற்றினோம். விசாரணை அறைக்குள் ரலித்சா தலைப் பக்கத்தைப் பிடித்தாள், அத்தை வால் பக்கத்தைப் பிடித்தாள். நடுப்பகுதி தொங்கியது. “லூபென், தாங்கிப் பிடி,” என்றாள் ரலித்சா. வேறு ஆள் இல்லை. பிடித்தேன். வழவழவென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். உலர்ந்து, குளிர்ந்து, கனமாக இருந்தது. என் உள்ளங்கையில் அது மூச்சு விட்டது. மூன்று வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், அன்றுதான் அறிமுகமானோம்.

தலைமை அதிகாரி கலபோவா அம்மையார் காகிதத்தைப் பார்த்தார். பாம்பைப் பார்த்தார். மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார்.

“பதிவுல முப்பத்தெட்டு சென்டிமீட்டர். இது அது இல்ல.”

“இதுதான் மேடம் அது,” என்றாள் ரலித்சா.

“அப்ப அந்த முப்பத்தெட்டு எங்க?”

பதிவு செய்யப்பட்ட பாம்பு தப்பிவிட்டது என்று குறித்துக்கொண்டார்கள். கையில் இருந்த நான்கு மீட்டரை என்ன செய்வது என்று பெஞ்சேவ் கேட்டார். பறிமுதல் செய்யப் பதிவு எண் வேண்டும், இதற்கு அது இல்லை. பதிவில் இல்லாத ஒன்றைப் பறிமுதல் செய்ய விதியில் இடமில்லை. அதை வெளியே கொண்டுபோங்கள், அறையில் இடத்தை அடைக்கிறது என்றார் அம்மையார். படியிறங்கும்போது ரலித்சா அழுதுகொண்டே சிரித்தாள். இந்தமுறை நடுப்பகுதியை யாரும் சொல்லாமலே நான் பிடித்துக்கொண்டேன்.

காணாமற்போன முப்பத்தெட்டு சென்டிமீட்டர் பாம்பைத் தேடும் சுற்றறிக்கையை எழுதும் பொறுப்பு மூத்த எழுத்தருக்கு வந்தது. எழுதினேன். சுவரொட்டி ஒட்டினார்கள். மழலையர் பள்ளியின் மணல்தொட்டியை மூடினார்கள். கடைகளில் முழங்கால் உயர பூட்ஸ் தீர்ந்துபோனது. தேவையில்லாதவர்களும் வாங்கிப் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போனார்கள். இரண்டு வாரத்தில் அறுபத்தொரு பேர் பாம்பைக் கண்ணால் கண்டதாக எழுதிக் கொடுத்தார்கள். அதில் ஒரு மனுவின் கீழே தொப்ரின்கா அத்தையின் கையெழுத்து. குப்பைத் தொட்டியருகே பார்த்தாளாம்.

நேரே போய்க் கேட்டேன். வாலைத் தூக்கிக்கொண்டு விசாரணைக்கு வந்தவளே நீதானே அத்தை என்றேன்.

“அது வேற லூபென். தெருவே பாத்திருக்கு, நான் மட்டும் பாக்கலைன்னா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?”

அறுபத்தொரு மனுக்களிலும் ‘பெறப்பட்டது’ என்று முத்திரை குத்தி, வரிசை எண் போட்டு, கோப்பில் கோத்தது நான்தான். அந்தப் பாம்பு எங்கிருந்து பிறந்தது என்று இந்த ஊரிலேயே என்னைப்போல் அறிந்தவன் கிடையாது. இருந்தாலும் நேற்று மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு பூங்காவுக்குப் போனபோது, பெஞ்சில் உட்காருவதற்கு முன்னால், யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, குனிந்து அடியில் ஒருதரம் பார்த்துக்கொண்டேன்.