ரோஜாப்பூ போட்ட இறக்கை

"உங்களை யாரு வெட்டச் சொன்னது?" என்று நடீன் கேட்டாள்.  

எல்வுட் புல்வெட்டும் வண்டியை அணைத்தார். தூசிக்காக மாட்டியிருந்த பெரிய கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினார். அவருடைய காதுகள் இரண்டு பக்கமும் கதவு திறந்து நிற்கும் கார் மாதிரி விரிந்திருக்கும். வெயிலில் அவை சிவந்து போயிருந்தன.

"இதுக்கெல்லாமா சொல்லணும்? பக்கத்து வீட்டுக்காரன்னு நான் எதுக்கு இருக்கேன்?"

"எவ்வளவு வெட்டினீங்க?"

"முழுசாத்தான். பாதியில விட்டா அசிங்கமா இருக்குமே."

நடீன் மைதானத்தைப் பார்த்தாள். நேற்று மாலைவரை இடுப்பளவு புல் நின்ற இடம், புதிதாக முடிவெட்டிக்கொண்ட தலை மாதிரி இருந்தது. வரி வரியாக, கோணல் இல்லாமல். ஓரத்தைக்கூட விடவில்லை.

அந்தப் புல்லை அவள் இரண்டு வருஷம் வளர்த்தாள். ஓஹாயோவில் இது லேசான காரியமில்லை. இங்கே மனிதர்கள் கடனை மன்னிப்பார்கள், விவாகரத்தை மன்னிப்பார்கள், வெட்டாத புல்லை மன்னிக்க மாட்டார்கள். யார் யாரோ அவள் வாசலில் புல்வெட்டும் வண்டி விளம்பரங்களைப் போட்டுவிட்டுப் போனார்கள். பாதிரியார் சோம்பலைப் பற்றிப் பிரசங்கம் செய்துவிட்டு அவள் இருந்த பெஞ்சையே பார்த்தார்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டது ஆம்ப்ரோஸ் டீலுக்காக. டீல் தேவாலய ஆர்கன் வாத்தியங்களைப் பழுதுபார்த்தவர். 1909இல், தானே செய்த விமானத்தில் ஏறி, கோல்டர்ஸ்வில் ஊரின் இந்த மேய்ச்சல் நிலத்துக்கு மேலே பறந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் கிளம்பி அந்தப் பக்கம் விழுந்தார். நடுவில் தரையைத் தொடவில்லை என்று பார்த்தவர்கள் சத்தியம் செய்தார்கள். பறந்தார் என்று சொல்ல அது போதும் என்பது நடீனின் கட்சி. போதாது என்பது வாஷிங்டன் அதிகாரிகளின் கட்சி.

இந்த இடத்தைத் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவிக்க வைப்பதற்காக அவள் நூலக வேலையையே விட்டுவிட்டாள். இடம் அன்றைக்கு இருந்தது போலவே இருக்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் புல். இன்று மதியம் வாஷிங்டனிலிருந்து ஆய்வாளர் வருகிறார். அவர் உதட்டைப் பிதுக்கினால் மாவட்ட நிர்வாகம் நிலத்தை விற்றுவிடும். வாங்கக் காத்திருக்கும் ஆள், ஊர்க்காரர்கள் பழைய சோபாவைப் போட்டுவைக்க வாடகைக் கொட்டகை கட்டப்போகிறார்.

"ஆபீசர் வர்றாரு, இடம் காடு மாதிரி கெடக்கேன்னு நெனச்சேன்" என்றார் எல்வுட். "உனக்கு ஒரு நல்ல பேரு கிடைக்கட்டும்னுதான் தாயி."

"காடு மாதிரிதான் இருக்கணும்! டீல் காலத்துல புல்வெட்டற வண்டி ஏது?"

எல்வுட் யோசித்தார். "பாவம் மனுஷன்" என்றார்.

நடீன் வேலிக்கம்பத்தில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அன்றைக்கு அவளுக்கு வந்த யோசனைகளில் அதுதான் முதலாவது, ஆகவே குறைந்த சேதம் செய்தது.

"டீல் காலத்துல இங்க மாடு மேஞ்சுது. மாடு மேஞ்சா புல்லு கட்டையாத்தான் இருக்கும். ஒரு மாட்டைக் கொண்டுவந்து நிறுத்திட்டா போதும், ஆய்வாளர் ஒண்ணும் கேக்க மாட்டாரு. உங்க மச்சான்கிட்ட மாடு இருக்குல்ல?"

எல்வுட்டின் முகம் லேசாக மாறியது. "மாடு வேண்டாமே நடீன்."

"ஏன்?"

"மாடும் விமானமும் ஒத்து வராது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா தோணுச்சு" என்றார் எல்வுட்.

வெட்டியவர் அவர். அதனால் போய் மாட்டைக் கொண்டுவந்தார். அதன் பெயர் டாலி. சின்ன லாரி அளவு இருந்தது. காதில் எண் போட்ட மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை தொங்கியது. 1909இல் அது கிடையாது என்பதால் நடீன் அதன்மேல் சேற்றை அப்பினாள். டாலி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மைதானத்தைச் சுற்றிப் பார்த்தது. தின்ன ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் எல்வுட் வெட்டி, வாரி, மூட்டை கட்டி வைத்திருந்தார். டாலி நேராகக் கொட்டகைக்குள் போனது.

கொட்டகையில் மாதிரி விமானம் இருந்தது. டீலின் வரைபடத்தைப் பார்த்து ஊர்த் தீயணைப்புத் தொண்டர்கள் எப்போதோ ஓர் ஊர்வலத்துக்காகச் செய்தது. நடீன் பக்கத்து மாவட்டத்திலிருந்து இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே அது ஒரு களஞ்சியத்தில் தூசி படிந்து கிடந்தது. அவள்தான் அதைத் துடைத்து, கிழிந்த துணியை எல்லாம் மாற்றி, பழைய முறைப்படி மாவுப்பசை தடவி விறைப்பாக்கினாள்.

மாவுப்பசை. டாலிக்கு அது பிடித்திருந்தது.

இருவரும் ஓடிப்போய்ப் பார்த்தபோது இடது இறக்கையின் நுனியில் பெரிய ஓட்டை. டாலியின் வாயோரம் ஒரு முழத் துணி தொங்கியது. அதுவும் அவர்கள் கண்முன்னே உள்ளே போயிற்று.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் எல்வுட்.

"வாயை மூடுங்க. துணி வேணும். பெரிய துணி. இப்பவே."

வேலிக்கு அந்தப் பக்கம் எல்வுட்டின் வீட்டுக் கொடியில் ஒரே ஒரு படுக்கை விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது. அதில் முட்டைக்கோஸ் அளவு ரோஜாப்பூக்கள். எல்வுட்டின் மனைவி ஜெனீவா, கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"ஜெனீவா, ஒரு மணி நேரத்துக்கு மட்டும். கெஞ்சிக் கேக்கறேன்."

ஜெனீவா கிளிப்பை எடுத்தாள். "இது எங்க கல்யாணத்துக்கு எங்க அத்தை குடுத்தது. ஜோடியா குடுத்தாங்க. கல்யாணமான புதுசுலயே ஒண்ணை எவனோ இந்தக் கொடியில இருந்தே திருடிட்டான். எல்வுட் துப்பாக்கி எடுத்துக்கிட்டு ஊரெல்லாம் தேடினான். இல்லியா எல்வுட்?"

"ஆமா ஆமா" என்றார் எல்வுட். தன் பூட்ஸைப் பார்த்தார்.

"இதை வெச்சுத்தான் விருந்தாளி வந்தா மானத்தைக் காப்பாத்திக்கறேன். இன்னிக்கு ஊர் விருந்துக்கு வரும்போது நானே வாங்கிக்குவேன். ஒரு நூல் பிரிஞ்சிருந்தாலும் நடீன், உன் பூங்காவுல உன்னையே புதைப்பேன்."

"சரி."

"அதுக்குத் தனியா ஒரு கல்லும் வைப்பேன்."

கத்தரிக்காமல் மடித்து, ஓட்டையைச் சுற்றிக் குண்டூசி குத்தி, ஓரத்தில் மாவுப்பசை தடவி ஒட்டினார்கள். தடவும்போதே தப்பு என்று நடீனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டாலி பின்னால் வந்து நின்று, பரிமாறுவதற்காகக் காத்திருந்தது.

மாட்டை இழுத்தார்கள். நகரவில்லை. தள்ளினார்கள். நகரவில்லை. எல்வுட் அதன் காதில் ஏதோ சொல்லிப் பார்த்தார். மாடு அவரைத் திரும்பிப் பார்த்து, சாணி போட்டது. நடீனின் மூன்றாவது யோசனை அப்போது வந்தது.

"மாட்டை நகர்த்த முடியலைன்னா விமானத்தை நகர்த்துவோம்."

விமானத்துக்குச் சக்கரம் இருந்தது. பிரேக் இல்லை. கொட்டகை வாசலில் சரிவு இருந்தது. டீல் அந்தச் சரிவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. விமானம் வாசலைத் தாண்டியதும் தானாகவே ஓட ஆரம்பித்தது. நடீன் வாலைப் பிடித்துக்கொண்டு இழுபட்டாள்.

"ஏறி உக்காருங்க! காலை ஊனி நிறுத்துங்க!"

எல்வுட் தாவி ஏறினார். தொப்பி பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. கண்ணாடி கண்ணில் வந்து விழுந்தது. இரண்டு குதிகாலாலும் புல்தரையை உழுதுகொண்டே போய், மைதானத்தின் நடுவில் விமானத்தை நிறுத்தினார். அவர் காலையில் வெட்டிய வரிகளின் குறுக்கே இரண்டு கறுப்புக் கோடுகள் விழுந்திருந்தன. அதுதான் அவருக்கு வலித்தது.

"எறங்கட்டுமா?"

"எறங்கினா மறுபடி ஓடும். அப்படியே இருங்க, கல்லு கொண்டுவர்றேன்."

கல்லுக்கு முன்னால் டாலி வந்துவிட்டது. அவசரமில்லாமல் நடந்து வந்து, ரோஜாப்பூவின் ஓரத்தைக் கவ்வியது. எல்வுட்டால் எழுந்திருக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே "ஹேய்! ஹேய்!" என்று கையை ஓங்கினார்.

சரியாக அந்த நேரத்தில்தான் சாம்பல் நிறக் கார் வந்து நின்றது.

தாடியஸ் க்ரூம் என்பது ஆய்வாளரின் பெயர். ஒல்லி, உயரம், சிரித்துப் பழக்கமில்லாத முகம். போன மாதம்தான் வேறோர் ஊரில் கதவுக் கைப்பிடி புதுசு என்பதற்காக ஒரு பூங்காவை நிராகரித்துவிட்டு வந்தவர். அவர் காரைவிட்டு இறங்கினார். வெட்டிய புல்லைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். இறக்கையில் ரோஜாப்பூவைப் பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு கையை ஓங்கி உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பார்த்தார்.



"சார், நான் விளக்கமா சொல்லிடறேன்" என்றாள் நடீன். கையில் இருந்த கல்லை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இரண்டு வருஷமும் நூலக வேலையும் போயிற்று. வாடகைக் கொட்டகைகள் வரிசையாகக் கண்முன்னே எழும்பின.

"யாரு உங்களுக்குச் சொன்னது?" என்றார் க்ரூம். 

"என்ன சார்?"

"அந்தப் படத்தைப் பத்தி. எங்க ஆபீஸ்ல நாலு பேருக்குத்தான் தெரியும்."

அவர் காருக்குள் குனிந்து ஓர் அட்டையை எடுத்தார். அதில் ஒட்டியிருந்தது ஒரு பழுப்பு நிறப் புகைப்படம். அதே மைதானம். கட்டையான புல். விமானம். இடது இறக்கையின் நுனியில் பூப்போட்ட துணி ஒட்டு. அதைக் கவ்வி இழுக்கும் ஒரு மாடு. கண்ணாடியும் திருப்பிப் போட்ட தொப்பியுமாக, மாட்டைப் பார்த்துக் கையை ஓங்கியிருக்கும் ஒரு மனிதர்.

"டீல் பறந்ததுக்கு ஆதாரப் படமே இல்லைன்னுதான் உங்க விண்ணப்பத்தை இத்தனை நாளா இழுத்தடிச்சோம்" என்றார் க்ரூம். "போன வாரம் ஒரு பழைய பெட்டியில இது கிடைச்சுது. பின்னாடி ஊர் பேர் மட்டும் இருந்துச்சு. எங்க ஆளுங்க போலின்னாங்க. நான் ஒத்துக்கலை. போலியாப் படம் எடுக்கறவன் மாட்டையும் ரோஜாப்பூவையுமா வைப்பான்? இந்தக் கூத்தை எல்லாம் யாராலயும் கற்பனை பண்ண முடியாது. நடந்தாத்தான் உண்டு."

"நடந்தாத்தான் உண்டு சார்" என்றாள் நடீன். அவளைவிட அது யாருக்குத் தெரியும்.

"அதை நீங்க அப்படியே கண்டுபிடிச்சு, அப்படியே செஞ்சு காட்டறீங்க. புல்லோட உயரம் முதற்கொண்டு! இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஆராய்ச்சியைப் பார்த்ததில்லை." அவர் விமானத்தைச் சுற்றி வந்தார். எல்வுட்டை உற்றுப் பார்த்தார். "காதுகூடப் பொருத்தமான ஆளாத் தேடிப் பிடிச்சிருக்கீங்க."

எல்வுட் எட்டிப் படத்தைப் பார்த்தார். பிறகு வேகமாக வேறு பக்கம் பார்த்தார். "நடீன், வண்டிக்கு எண்ணெய் ஊத்தணும். நான் கிளம்பட்டுமா?"

"உக்காருங்க எல்வுட்! நீங்க இப்ப வரலாறு."

க்ரூம் அங்கேயே நடீனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பூங்காவுக்குப் பரிந்துரை செய்வதாகச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த முகத்துக்கு அது புதுசு என்பதால் கொஞ்சம் கோணலாக இருந்தது.

செய்தி தேவாலயம்வரை போயிற்று. ஆய்வாளர் எப்படிச் சொன்னாலும் விருந்து உண்டு என்று முன்பே முடிவு செய்திருந்ததால், வீட்டுக்கு ஒரு பாத்திரமாக எல்லோரும் மைதானத்துக்கே கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள். பன்றித்தொடை, சோளம், கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி. அவளைப் பார்த்துப் பிரசங்கம் செய்த பாதிரியாரே அவள் தட்டில் ஜெல்லியை வைத்தார். வாடகைக் கொட்டகைக்காரர்கூட வந்து இரண்டு தடவை சாப்பிட்டார்.

"முதல் வேலையா இந்தப் படத்தைப் பெரிசாக்கி வாசல்லயே மாட்டணும்" என்றார் க்ரூம், வாய் நிறைய ஜெல்லியோடு. படத்தை மேஜை நடுவில் பூஜாடியில் சாய்த்து வைத்திருந்தார். "நாடு முழுக்கப் பாடப்புத்தகத்துல போடணும். ஆம்ப்ரோஸ் டீல், 1909. என்ன மாதிரி ஒரு முகம்! பயமே இல்லாத முகம்!"

நடீனுக்குக் கண் கலங்கியது. எல்வுட் எழுந்து போக நான்காவது தடவையாக முயன்றார். நான்காவது தடவையாக யாரோ அவர் தோளைத் தட்டி உட்காரவைத்தார்கள்.

ஜெனீவா தன் விரிப்பை வாங்க வந்தாள். ஓரத்தில் மாடு கடித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். நடீனைத் திட்ட வாயைத் திறந்தவள், பூஜாடியில் சாய்ந்திருந்த படத்தைப் பார்த்தாள். குனிந்தாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை குனிந்தாள். 

"எல்வுட்! ஜோடி விரிப்புல ஒண்ணைக் கொடியில இருந்து எவனோ திருடிட்டான்னு சொன்னியே, அதை றெக்கையில ஒட்டிக்கிட்டு இந்தப் படத்துல உக்காந்திருக்கறது நீதானே?"