ஆமை மரமும் எட்டாம் நம்பரும்

மதிப்பிற்குரிய அண்ணன் அமதேவு அவர்களுக்கு,

உங்கள் ஒரே தங்கை தெயோலிந்தா பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் சுகம். லிஸ்பனில் நீங்களும் அண்ணி லுர்தினாவும் உங்கள் இரத்தக் கொதிப்பும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். மூன்றாவது விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பயம் இருப்பதால், இதை உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

நம் தோப்பில் கிணற்றுக்குப் பக்கத்தில் நிற்கும் தக்கை மரம், பட்டை ஆமை ஓடு மாதிரி வெடித்திருக்கிறதென்று நாம் சின்ன வயதில் ஆமை என்று பேர் வைத்தோமே, அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். 2016-இல் பாட்டில் தக்கைக்காக அதன் பட்டையை உரித்த ஜெர்வாசியு மேஸ்திரி வழக்கம்போல அந்த வருஷத்தின் கடைசி எண்ணை, 6 என்று, மரத்தில் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிவிட்டுப் போனார். ஒன்பது வருஷம் முடிந்துவிட்டது, இந்தக் கோடையில் மறுபடி உரிக்க வேண்டிய முறை. எனக்கோ ஊர் சுகாதார நிலையச் சுவருக்கு செப்டம்பருக்குள் நாற்பது களிமண் பலகை செய்துதரும் வேலை. பாசி, பாம்புச் சட்டை, காய்ந்த குளத்து வெடிப்பு என்று முப்பத்தொன்பது தயார். நடுவில் வைக்க ஆமையின் பட்டைதான் வேண்டும். நான் எதையும் வரைகிறவள் இல்லை, உங்களுக்கே தெரியும். ஈர மண்ணை அதன்மேல் அழுத்தி, அது என்ன சொல்கிறதோ அதை அப்படியே வாங்கிக்கொள்வேன். தபால் நிலையத்தில் முப்பத்து நாலு வருஷம் முத்திரை குத்தியவளுக்கு வேறு என்ன வரும்? இப்போது உரித்துவிட்டால் அந்த வெடிப்பெல்லாம் திரும்பி வர இன்னும் ஒன்பது வருஷம். எனக்கு அறுபத்தேழு வயது. அப்போது இந்தக் கை நடுங்காமல் இருக்கும் என்று நீங்கள் எழுதிக் கொடுப்பீர்களா? ஒரே ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள் என்று போனில் கெஞ்சினேன். "மண்ணை வச்சு விளையாடுற வயசா உனக்கு? போய்க் கொத்தமல்லி சூப்பு வச்சுக் குடிச்சிட்டுப் படு"ன்னு போனை வச்சிட்டீங்க. நான் சூப்பு வச்சேன், குடிச்சேன், படுக்கலை. பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அந்த 6-இன் வாலை வளைத்து மூடி 8 ஆக்கிவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே மேஸ்திரி ஆட்களோடும் கோடாலிகளோடும் வந்தார். மரத்தைப் பார்த்தார், நம்பரைப் பார்த்தார், கடைசியில் என் கட்டைவிரல் நகத்திலிருந்த வெள்ளையைப் பார்த்தார். "ஏம்மா தெயோலிந்தா, இந்த மரத்தை 2016-ல நான்தானே உரிச்சேன்? அன்னிக்கு ஏணியிலேர்ந்து விழுந்து இடுப்பு ஒடிஞ்சுதே, அது எப்படி மறக்கும்?" என்றார். "இடுப்பு சொல்றதை விடுங்க மேஸ்திரி, நம்பர் என்ன சொல்லுது?" என்றேன். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "எட்டுங்குது. எட்டுன்னா 2018-ல உரிச்சது, ஒன்பது வருஷம் ஆகணும், 2027 வரைக்கும் கோடாலி வைக்கக் கூடாது, சட்டம். உங்க அண்ணன் வந்து கேட்டா எனக்குக் கண்ணு சரியாத் தெரியலைன்னு சொல்லிடுறேன். ஆனா பெயின்ட் இன்னும் காயலை பாரு, சாய்ஞ்சு நின்னுடாதே" என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். தங்கமான மனுஷன்.

அண்ணா, அதற்கப்புறம் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. முதல் பலகையைச் சாம்பல் தூவாமல் அழுத்திவிட்டேன், அது மரத்தை விட்டு வரமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டது, இரண்டு நாள் கரண்டியால் சுரண்டினேன். இரண்டாவதை நன்றாகச் சாம்பல் தூவி அழுத்தி, கொஞ்சம் இறுகட்டுமே என்று எடுத்து மரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டு ரொட்டி எடுத்துவர வீட்டுக்குப் போனேன், அதற்குள் பக்கத்துத் தோட்டத்து சுல்மீருவின் பன்றி, இளவரசின்னு பேர் வச்சிருக்கானே, அது வேலியைப் பிச்சுக்கிட்டு வந்து, முதுகு அரிப்புக்குச் சுகமா என் பலகை மேலேயே உரசிட்டு நிக்குது! கத்தினேன். சுல்மீரு வந்து, "கோவிச்சுக்காதே அக்கா, அவளுக்கும் கலை ஆர்வம் வராதா?" என்கிறான். பன்றியின் மடிப்பும் மயிரும் அச்சு அசலாகப் பதிந்துவிட்டன. எறிய மனசு வராமல் அதையும் சூளையில் ஒரு மூலையில் வைத்தேன். மூன்றாவது பலகைக்கு விடியற்காலையிலேயே போய், பக்கத்தில் தடியோடு உட்கார்ந்து காவல் காத்தேன். அது வந்தது பாருங்கள், ஒவ்வொரு வெடிப்பும், ஒவ்வொரு எறும்பு வழியும்! மரமே என் கைக்குள் வந்த மாதிரி இருந்தது, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அது இப்போது சூளையில் ஆறிக்கொண்டிருக்கிறது. என் காரியம் முடிந்தது. ஆகவே செய்த திருட்டுத்தனத்தை ஒப்புக்கொண்டு உங்கள் காலில் விழுகிறேன். நாளைக்கே அந்த 8-ஐச் சுரண்டி மறுபடி 6 ஆக்கிவிடுவேன். மேஸ்திரியை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், உங்கள் பட்டை ஒரு துண்டு குறையாமல் உங்களுக்கு வந்து சேரும். இனி உங்களைக் கேட்காமல் தோப்பில் ஓர் இலையைக்கூடத் தொடமாட்டேன் என்று மாதா மேல் ஆணையிடுகிறேன். அண்ணிக்கு என் அன்பு. உங்களுக்கு நீண்ட ஆயுளும் நிதானமும் கிடைக்கட்டும்.

கீழ்ப்படிதலுள்ள தங்கை,
தெயோலிந்தா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் சூளையைத் திறந்து பார்த்தேன். ஆமை ஏழு துண்டு. பன்றி மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்திருக்கிறது, தட்டினால் மணி மாதிரி கேட்கிறது. பத்து நிமிஷம் அழுதேன், அப்புறம் அழுதுகொண்டே மண் பிசைய ஆரம்பித்துவிட்டேன். செப்டம்பரில் சுவருக்கு நடுவே பன்றியே தொங்கட்டும், ஆமை சரியாக வரும்போது மாற்றிக்கொள்ளலாம். மேலே கேட்ட மன்னிப்பைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், 2027-இல் தேவைப்படும். வெள்ளிக்கிழமை வரவேண்டாம் என்று மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். 8 அப்படியே இருக்கிறது. மழையில் அழிந்துவிடக் கூடாதே என்று அதன்மேல் இன்னொரு கோட்டிங்கும் அடித்துவிட்டேன்.