ரோமாபுரி அண்ணையும் எங்கள் ஊர்ச் சங்கமும்

மொன்றியலில் ரோமாபுரி அண்ணையிடம் "சுகமோ?" என்று கேட்டுவிட்டு, ஏதென்ஸ் நகரத்துச் சட்டம் ஒன்றைக் கேட்காமல் தப்பியவர் எவரும் இல்லை.

எல்லாம் ஒரு புத்தகத்தால் வந்த வினை. கனடியக் குடியுரிமைப் பரீட்சைக்குப் படிப்பதற்காக வில்லரேப் பகுதியில் ஒரு நூலகத்துக்குப் போனவர், தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் குடியுரிமைப் புத்தகம் கேட்டிருக்கிறார். அவர்களும் கொடுத்தார்கள். பழைய கிரேக்கத்திலும் ரோமிலும் குடியுரிமை எப்படி இருந்தது என்ற தடித்த புத்தகம்! அண்ணை அகராதியும் கையுமாக இருந்து அதைக் கரைத்துக் குடித்துவிட்டுப் போய், பரீட்சையில் கோட்டை விட்டார். அடுத்த முறை சரியான புத்தகத்தைப் படித்துத் தேறிவிட்டார். ஆனாலும் ரோமாபுரி அவரை விடவில்லை.

கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் காதுக்குள், "தம்பி, ஏதென்சிலயெண்டா தாய், தேப்பன் ரெண்டு பேரும் அந்த ஊரா இருந்தாத்தான் பிள்ளை பிரஜை. பொம்பிளை எந்த ஊர்?" என்பார். மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பார்.

எங்கள் ஊர்ச் சங்கத்தின் உபதலைவரும் அவரே. சங்கத்தின் யாப்பு, அதாவது சட்டவிதி, கண்டிப்பானது. தாயும் தகப்பனும் எங்கள் ஊராக இருந்தால்தான் அங்கத்துவம். என் மனைவியோ மட்டக்களப்பு. கோடை ஒன்றுகூடலுக்கு வருடா வருடம் கூழ் காய்ச்சுகிறவள் அவள்தான். இந்த வருடம் வெடித்துவிட்டாள்.

"கூழ் காய்ச்ச நான் வேணும், கூட்டத்துக்கு வேணாமா?"

அங்கத்துவம் இல்லையென்றால் சங்கத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாளாம். கோரிக்கையோடு பொதுக்கூட்டத்துக்குப் போனேன். அவளும் வந்து கடைசிக் கதிரையில் இருந்தாள்.

"யாப்பில இடமில்லை," என்றார் தலைவர். அவள் முகம் வாடிப்போனது.

ரோமாபுரி அண்ணை எழுந்தார். சபை பெருமூச்சு விட்டது.

"இது ஏதென்ஸ் சட்டம்! அங்கயும் வெளியூர்ச் சனம் வரி கட்டினது, சண்டைக்குப் போனது, வோட்டு மட்டும் இல்லை. ரோமாபுரியைப் பாருங்கோ. விடுதலையான அடிமையும் பிரஜை, தோத்த ஊர்க்காரனும் பேந்து பிரஜை."

"அங்க பொம்பிளையளுக்கு வோட்டு இருந்ததோ?" என்று தலைவர் மடக்கினார்.

"இல்லை. அதில ரெண்டு ஊரும் மோசம்தான்."

தலைவருக்குச் சினம் ஏறியது. "எங்கட ஊரைப் பற்றிக் கதையுங்கோ அண்ணை! எங்கட ஊரில நீங்கள் எவடம்?"

இத்தனை வருடத்தில் எவரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. யாரோ ஒருவருடைய சித்தப்பா என்றே எல்லோரும் நினைத்திருந்தோம்.

"நான் திருகோணமலை."

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

"உங்கட கூட்டத்தில தின்னக் குடுக்கிற ரோல்ஸ் நல்லாயிருக்கு எண்டு ஒருக்கா வந்தனான். நீங்களாத்தான் உபதலைவராக்கினீங்கள். போகச் சொன்னாப் போறன். ஆனா தலைவர், போன தேர்தலில நீங்கள் ஒரு வோட்டாலதானே வெண்டனீங்கள்? அது என்ரை வோட்டு. அதுவும் செல்லாதெல்லோ?"

தலைவர் தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார். தேநீர் வருவதற்குள் யாப்பு திருத்தப்பட்டு, சங்கத்துக்காக உழைக்கிற எவரும் அங்கத்தவர் என்றாகிவிட்டது. என் மனைவி முதல் தடவையாகக் கை உயர்த்தினாள்.

மெட்ரோவுக்கு நடக்கும்போது, "தெரிஞ்சுதான் மாட்டினீங்களோ அண்ணை?" என்று கேட்டேன்.

"பின்னை? அந்தப் பிள்ளை பின்னுக்கு இருந்து கண்ணைத் துடைக்குது. பாத்துக்கொண்டு இருக்கேலுமோ?"

அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

மொன்றியலில் உங்களுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்களா என்று யாராவது கேட்டால், என் மனைவி இப்போதெல்லாம் யோசிப்பதில்லை.

"எனக்கு ஒரு அண்ணன் இரிக்கார்," என்கிறாள்.