இணைப்பே தெரியாத கை

புத்தாண்டு அன்று, வயிறு முட்டத் தின்ற மயக்கத்தில், நான் சபதம் செய்தேன்.

"வீட்டில் இருக்கும் நானூற்றுப் பன்னிரண்டு வீரர்களுக்கும் வர்ணம் அடித்து முடிக்கிறவரை, புதிதாக ஒருவன் இந்த வாசற்படியை மிதிக்க மாட்டான்!"

"மிதிச்சா?" என்றாள் என் மனைவி லொரெய்ன்.

"மிதிச்சா என்னோட பின்னறை உனக்கு."

அவள் உடனே எழுந்துபோய் அந்த அறையின் கதவு அகலத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். லொரெய்ன் எங்கள் பேட்டையின் பித்தளை வாத்தியக் குழுவில் ட்யூபா ஊதுகிறாள். அந்த ராட்சதக் குழல் கிட்டத்தட்ட என் தோள் உயரம். என்னைவிட நல்ல பளபளப்பு. இடமில்லாமல் சமையலறையில் நிற்கிறது.

வீரர்கள் என்றேனே, கட்டைவிரல் உயர விண்வெளிப் போர்க்காரர்கள். பிளாஸ்டிக். பொம்மை என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பெட்டியில் கை, கால், தலை எல்லாம் தனித்தனியாக வரும். சாமானியர்கள் படத்தைப் பார்த்து ஒட்டுவார்கள். நான் ஒருவன் கையை வெட்டி இன்னொருவனுக்கு வைப்பேன். வேற்றுக்கிரகப் பூச்சியின் காலைத் தளபதிக்கு மாட்டுவேன். எங்கள் ஊர் நாட்டிங்ஹாமில் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. மீதிப் பேர் அவர்களைக் கட்டிக்கொண்டவர்கள்.

பிப்ரவரி வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மார்ச்சில் கடைக்குப் புதுப் படை வந்துவிட்டது.

திட்டம் போட்டேன். லொரெய்னைப் பொறுத்தவரை புதுசு என்றால் சாம்பல் நிறம், அதாவது வர்ணம் அடிக்காதது. வர்ணம் அடித்தவன் எல்லாம் பழையவன். எனவே பக்கத்துத் தெரு ட்ரெவரின் கார் கொட்டகையில் வைத்தே வெட்டினேன், ஒட்டினேன், வர்ணம் அடித்தேன். மேலே கொஞ்சம் தூசியும் தூவினேன். கோட்டுப் பையில் ஒவ்வொருவனாக வீட்டுக்குக் கடத்தி, பழையவர்கள் நடுவே நிறுத்தினேன். ட்ரெவரும் என் ஜாதிதான். இதே சபதத்துக்கு மனைவியிடம் அந்தக் கொட்டகையையே பணயம் வைத்துவிட்டு, அதே கொட்டகையில் எனக்கு எதிரே உட்கார்ந்து வர்ணம் அடித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி க்ளெனிஸ், லொரெய்னின் குழுவில் ட்ராம்போன் ஊதுகிறாள்.

பதினோரு பேரைக் கொண்டுவந்து சேர்த்தேன். ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்ததும் லொரெய்ன் பின்னறைக்குள் வந்தாள்.

"வாத்தே, டீ கொண்டாந்திருக்கேன்."

எங்கள் ஊரில் பஸ் டிரைவர்கூட நம்மைச் செல்லமாக வாத்து என்றுதான் கூப்பிடுவார். லொரெய்ன் கூப்பிட்டால் மட்டும் எனக்கு அடுப்பு ஞாபகம் வரும்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அலமாரி முன் நின்றாள். நேராகப் புதுத் தளபதியைக் கையில் எடுத்தாள்.

"இவரு ரொம்பப் பழசு, இல்ல?"

"ரொம்ப."

"நம்ம கல்யாணத்துக்கும் முன்னாடியா?"

"அதுக்கும் முன்னாடி!"

"அதான் பார்த்தேன். அந்தக் காலத்து மொண்ணை வேலை. விரலெல்லாம் உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு."

பொறுத்துக்கொண்டேன். ஒன்பது விரலிலும் நகம் தெரியும். பத்தாவது விரல் என் கத்தி பட்டுப் போய்விட்டது.

"வர்ணமும் வாளியில முக்கி எடுத்த மாதிரி."

டீயைக் குடித்தேன். அறைக்காக எதையும் விழுங்கலாம்.

"இந்தக் கையை ஒட்டின இடம் பளிச்சுன்னு தெரியுதே, நைஜல். ட்ரெவர் ஒட்டினா இணைப்பே தெரியாதாம்."

"யாரு, ட்ரெவரா? ஒட்டின இடுக்கை மூடுற பட்டியைப் பிசையவே அவனுக்கு வராது! அந்தத் தோளை மட்டும் நாலு மணி நேரம் தேய்ச்சிருக்கேன்! எங்க தெரியுது இணைப்பு? காட்டு! பழசாம், பழசு! இந்த மார்ச்சுல வந்த அச்சு இது! இவ்வளவு நுணுக்கமா இதுவரைக்கும் எவனும் வார்த்ததில்ல! கடை திறக்குறதுக்கு முன்னாடியே மழையில போய் வரிசையில நின்னேன், மூணாவது ஆளா!"

அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"மூணாவதா?" என்றாள்.

"மூணாவது" என்றேன். அப்போதும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அவள் தளபதியைப் பத்திரமாக இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"டீயைக் குடிச்சுட்டு அலமாரியைக் காலி பண்ணு, வாத்தே. நான் ட்யூபாவைத் துடைச்சு வைக்கிறேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு அறைதான். படையைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டு, தூறலில் ட்ரெவரின் கொட்டகைக்கு நடந்தேன். அங்கே இடம் கேட்கலாம்.

ட்ரெவர் கொட்டகைக்கு வெளியே, நனைந்துகொண்டு, தன் பெட்டிகள் மேல் உட்கார்ந்திருந்தான். உள்ளே ட்ராம்போன் முழங்கிக்கொண்டிருந்தது.

"நீயுமாடா உளறிட்ட?" என்றேன்.

"எல்லாத்தையும் தாங்கினேன்டா. கடைசியா ஒண்ணு சொன்னா பாரு, அதைத்தான் தாங்க முடியல" என்றான். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து முறைத்தான்.

"ஏன்டா, நைஜல் ஒட்டினா இணைப்பே தெரியாதாமே?"