முனீஸ்வரனுக்கு ஒரு கூலிங் பீர்

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. பீடி, சிகரெட், வெற்றிலை பாக்கு எதுவும் கிடையாது. டீ உண்டு. அதையும் கெட்ட பழக்கம் என்று சொல்பவர்களோடு நான் சகவாசம் வைத்துக்கொள்வதில்லை. இப்படிப்பட்ட நான், வருஷா வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள் ஒயின்ஷாப் வரிசையில் நின்று, "நல்லா கூலிங்கா ஒரு பீர் குடுங்க" என்று கேட்டு வாங்குகிறேன். கனகம்மாசத்திரத்தில் எனக்குப் போர்வெல் மோட்டார் ரிப்பேர் கடை. வரிசையில் முன்னால் இருப்பவன், பின்னால் இருப்பவன் எல்லாம் என் வாடிக்கையாளர்கள். "அண்ணே, நீங்களுமா!" என்று கேட்கும்போது அவர்கள் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், தொலைந்துபோன அண்ணனைக் கண்டுபிடித்த மாதிரி. "எனக்கில்லபா, சாமிக்கு" என்பேன். இதுவரைக்கும் ஒருத்தன் நம்பியதில்லை.

இந்த நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டது மூன்று விமானிகள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். காது இருக்கிறதே என்று கேட்டது நான். கேட்டதோடு விட்டேனா?

அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் கே.ஜி.கண்டிகை, பெயர் கவிதா. பெண் பார்க்கப் போன அன்று அவள் அப்பா, அதாவது மாமா, என் வருமானத்தைக் கேட்கவில்லை, நிலபுலனைக் கேட்கவில்லை. கரும்புத் தோட்டத்திலிருந்து நேராக வந்து உட்கார்ந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தண்ணி கிண்ணி போடுவீங்களா?"

எனக்கு முன்னால் வந்த வரன் ஒருவர் இதே கேள்விக்கு "எப்பனா பார்ட்டில மட்டும்" என்று உண்மையைச் சொல்லி, கையிலிருந்த பஜ்ஜியை முடிக்காமலே எழுந்து போக வேண்டியதாயிற்றாம். நான் "டீ மட்டும்தான் மாமா" என்றேன். ஆவணியில் கல்யாணம் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. (என்னிடம் இருந்த ஒரே தகுதி அதுதான் என்று கவிதா இன்றைக்கும் சொல்வாள்.)

கவிதாவின் தம்பி முரளி விமானி. அவனைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம். நான் பூமிக்குக் கீழே முந்நூறு அடியில் கிடக்கும் மோட்டாரை மேலே இழுக்கிறவன். அவன் முப்பதாயிரம் அடி மேலே போகிறவன். எங்கள் இருவருக்கும் நடுவில் பேச என்ன இருக்கிறது? எப்படியாவது அவனிடம் ஒரு நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தேன். ஆடிக் கிருத்திகைக்கு அவன் தன்னுடன் வேலை செய்யும் இரண்டு பேரை வீட்டுக்கு அழைத்து வந்தபோது, இதோ வந்துவிட்டது சந்தர்ப்பம் என்று மனம் குதித்தது.

வந்தவர்களில் ஒருவர் கேப்டன் தாமஸ், கோட்டயத்துக்காரர், பெரிய மீசை, பெரிய சிரிப்பு. இன்னொருவர் கேப்டன் அனிதா, சென்னைப் பெண். "பாவா, நீங்க கொஞ்சம் இவங்களப் பாத்துக்கோங்க" என்று முரளி என்னிடம் சொன்னான். அக்கா புருஷன் முறை வைத்துப் பாவா என்று அவன் கூப்பிட்டதிலேயே எனக்குத் தலைகால் புரியவில்லை. தலை என்றதும் சொல்லிவிடுகிறேன், அன்று காலைதான் முருகன் மலைக்குப் போய், அம்மாவின் வேண்டுதலுக்காக மொட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தேன். மொட்டையில் சந்தனம், இடுப்பில் மஞ்சள் வேட்டி, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும்.

வீடே விரதம். கிருத்திகை விரதம் இருக்கும் வீட்டுச் சமையலறையில் என்ன பேச்சு நடக்கும் என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். கவிதாவின் பெரியம்மா அரிவாள்மணையில் உட்கார்ந்து வாழைக்காய் நறுக்கிக்கொண்டே, "போன மாசம் வச்சமே நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு, அதுல கத்திரிக்காய் இன்னும் ரெண்டு போட்டிருக்கணும்டி" என்றார். "ஆங், மாங்காயும் போட்டிருக்கலாம்" என்றார் என் வருங்கால மாமியார். காலையிலிருந்து இதே பேச்சுதான். நான் அதைக் காதில்கூட வாங்கவில்லை. விரதம் இருக்கிறவர்கள் வேறு எதைப் பற்றிப் பேசுவார்கள்?

கூடத்தில் விமானிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். இது மட்டும் காதில் நன்றாக விழுந்தது.

"ஜெர்மனில பதினாறு வயசுப் பையன் கடைக்குப் போய் பீர் வாங்கலாம். அமெரிக்கால இருபத்தோரு வயசு ஆகணும்" என்றார் அனிதா.

"ஜப்பான்ல ரோட்டுல நின்னு பீர் குடிக்கலாம். அதே ரோட்டுல நின்னு சிகரெட் பிடிச்சா ஃபைன்" என்றான் முரளி.

"நம்ம ப்ளேன்ல மட்டும் என்னவாம்?" என்று தாமஸ் சிரித்தார். "சிகரெட் பிடிக்கவே பாடில்ல. ஆனா டாய்லெட்டுல ஆஷ்ட்ரே இல்லன்னா, ப்ளேனுக்குக் கம்ப்ளைன்ட்டுன்னு எழுதணும்!"

அப்புறம் பேச்சு சுருட்டுக்குப் போனது. எந்த ஊர் சுருட்டை எப்படி வெட்ட வேண்டும், எப்படிப் பற்றவைக்க வேண்டும், எவ்வளவு மெதுவாக இழுக்க வேண்டும் என்று தாமஸ் கண்ணை மூடிக்கொண்டு விளக்கினார். கடைசியில் பெருமூச்சு விட்டு, "இந்த வெயிலுக்கு, நல்ல தணுப்பா ஒரு பீரு, கையில ஒரு சுருட்டு... எந்தா சுகம்!" என்றார். மூன்று பேரும் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்கள்.

என் அறிவுக்கு உடனே விளங்கிவிட்டது. ஐயோ பாவம், விருந்தாளிகள் வாய்விட்டுக் கேட்க முடியாமல் ஜாடை காட்டுகிறார்கள்! விரத வீடு என்பதால் தயங்குகிறார்கள்! இதைப் புரிந்துகொண்டு சத்தமில்லாமல் ஏற்பாடு செய்பவன்தானே நல்ல பாவா?

கிருத்திகைக் கூட்டத்துக்காகச் சுற்றுவட்டார ஒயின்ஷாப்களை எல்லாம் மூடியிருந்தார்கள். ஆனால் நகரி பக்கத்தில்தானே இருக்கிறது, ஆந்திராவில் கிருத்திகைக்குக் கடை மூட மாட்டார்களே என்று மூளை வேலை செய்தது. (நல்ல காரியத்துக்கு அது இவ்வளவு வேகமாக வேலை செய்ததில்லை.) என் பைக்கை முரளியின் கார் மறித்துக்கொண்டு நின்றது. "அவசரமா ஒரு மோட்டார் பாக்கணும் மாமா" என்று சொல்லி, மாமாவின் மொபெட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். முன்பக்கம் "முருகன் துணை" என்று எழுதிய மொபெட்.

நகரிக் கடைக்காரர் என் மொட்டையையும் சந்தனத்தையும் பார்த்துக் கும்பிடவே போய்விட்டார். பீர் என்றதும் கையை இறக்கிக்கொண்டு, எந்த பீர் என்று தெலுங்கில் கேட்டார். பீரில் இத்தனை ஜாதி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? "விமானம் ஓட்டறவங்க குடிக்கிற பீர்" என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொன்னார். ஆளுக்கொன்றாக மூன்று பாட்டில். பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு கட்டு நாட்டுச் சுருட்டு. எல்லாவற்றையும் காலையில் மலையில் வாங்கிய மஞ்சள் பைக்குள் போட்டு, மேலே பிரசாதப் பொட்டலத்தை வைத்து மூடினேன்.

உலகத்தில் எந்த நாட்டில் என்ன சட்டம் என்று அன்று மதியம் முழுக்கக் கேட்டவன் நான். எல்லையைத் தாண்டி வெளிமாநிலச் சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்ற சட்டத்தை மட்டும் மூன்று பேரில் ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"இன்னாபா, பையிலேர்ந்து தண்ணி சொட்டுது?"

"தீர்த்தங்க. மலைலேர்ந்து."

அவர் பையைத் தொட்டுப் பார்த்தார். "தீர்த்தம் இவ்ளோ சில்லுனு கீது?"

பிரசாதத்தைப் பக்தியோடு ஒரு ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, மூன்று பாட்டிலையும் சுருட்டையும் மேஜைமேல் வரிசையாக நிறுத்தினார். "மொட்ட அடிச்சிக்கினு, சந்தனம் பூசிக்கினு, கிருத்திக அன்னிக்கு... யாருக்குபா இதெல்லாம்?"

பைலட்டுகளுக்கு என்று சொன்னால் மாமா வீட்டு மானம் போகும். எனக்கு என்று சொன்னால் கல்யாணம் போகும். சுருட்டைப் பார்த்ததும் வாயில் வந்தது. "முனீஸ்வரனுக்குங்க. படையல்."

"முனீஸ்வரன் சாராயம் கேப்பாரு, சுருட்டு கேப்பாரு. பீர் கேப்பாரா? அதுவும் கூலிங்கா?"

"வெயில் காலங்க" என்றேன். (ஆடிக் காற்று மேஜைமேல் இருந்த காகிதத்தை எல்லாம் அடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.)

கேஸ் எழுத வேண்டும், வண்டி யாருடையது என்றார். வண்டி மாமா பெயரில் இருந்தது. போலீஸ்காரரே என்னிடம் நம்பர் வாங்கி அவருக்குப் போன் போட்டார். எனக்கு அங்கேயே, அந்த மேஜைக்கு அடியிலேயே ஒரு போர் போட்டு உள்ளே இறங்கிவிடலாம் போலிருந்தது.

கார் வந்தது. மாமா மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை. முரளி, தாமஸ், அனிதா எல்லோரும் இறங்கினார்கள். மாமா மேஜையைப் பார்த்தார். என் மொட்டையைப் பார்த்தார். பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டுப் போன அந்த மனிதர் அப்போது என் கண்முன்னால் வந்தார்.

"பெரியவரே, உங்க நெலத்துல முனீஸ்வரன் கீறாரா?" என்றார் போலீஸ்காரர்.

"கீறாருங்க. வடக்கு வரப்புல, வேப்பமரத்தாண்ட."

"அவரு பீர் குடிப்பாரா?"

மாமா கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாத மனிதர். "நேத்து வரிக்கும் குடிச்சதில்லீங்க" என்றார்.

போலீஸ்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமாவின் முகத்துக்காகவும் என் மொட்டைக்காகவும் கேஸ் எழுதாமல் விட்டார். ஆனால் சரக்கு உள்ளே போகாது என்று, மூன்று பாட்டிலையும் திறந்து சாலையோரத்து மண்ணில் கவிழ்த்தார். நுரை பொங்கிப் பொங்கி அடங்கியது. கேப்டன் தாமஸ் மீசையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றார். சுருட்டுக் கட்டை மட்டும் போலீஸ்காரர் திருப்பிக் கொடுத்தார்.

முரளி மொபெட்டை எடுத்துக்கொண்டான். தாமஸ் கார் ஓட்ட, மாமா முன்னால், நானும் அனிதாவும் பின்னால். மலை கண்ணில் தெரிந்ததும் மாமா திரும்பாமலே கேட்டார்: "யாருக்கு வாங்கினீங்க மாப்ள?"

"விருந்தாளிங்களுக்கு மாமா. மத்தியானத்துலேர்ந்து பீரப் பத்தியே பேசிக்கினு இருந்தாங்க. வாய்விட்டுக் கேக்க சங்கடப்படறாங்கன்னு..."

தாமஸ் பிரேக் போட்டார். அனிதா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அய்யோ அண்ணா! நாளைக்குக் காலைல எங்க மூணு பேருக்கும் ஃப்ளைட். பன்னெண்டு மணி நேரத்துக்கு முன்னாலேர்ந்து ஒரு சொட்டு தொடக்கூடாது. போனதும் மெஷின்ல ஊதச் சொல்வாங்க. வாய் கொப்பளிக்கிற மருந்துல ஆல்கஹால் இருந்தாகூட மாட்டிக்குவோம், வேலையே போயிடும். குடிக்க முடியாதுன்னுதானே அண்ணா பேசிட்டு இருக்கோம்!"

மாமாவுக்கு அதில் ஒரு விஷயம் மட்டும் பிடித்துப்போனது. "நெசமா ஊதச் சொல்வாங்களா?"

"ஒவ்வொரு தடவையும் அங்கிள்."

"எறங்குங்க மாப்ள" என்றார்.

இறங்கினேன். காவடியோடு போகிற கூட்டம் பார்க்க, சாலையோரத்தில் மாமா என் முகத்துக்கு நேராக மூக்கைக் கொண்டுவந்தார். "ஊதுங்க."

காலையிலிருந்து பட்டினி கிடக்கும் வயிற்றில் இருக்கிற காற்று எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இருந்ததை எல்லாம் திரட்டி ஊதினேன். மாமா முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனார்.

"வெறும் பட்டினி நாத்தம்தான்" என்றார். "ஏறுங்க. பத்திரிக்க அடிக்கணும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சத்தியமாக.

வீட்டில் கவிதா வாசலிலேயே நின்றிருந்தாள். நிச்சயத்துக்குப் பிறகு அவள் என்னிடம் தைரியமாகப் பேசிய முதல் நாள் அது. "பெரியம்மா காலைலேர்ந்து கருவாட்டுக் கொழம்பப் பத்தியே பேசிக்கினு கீறாங்க. அதுக்குன்னு அவங்களுக்குக் கருவாடு வாங்கினு வந்தீங்களா? அப்புறம் இவங்களுக்கு மட்டும் இன்னாத்துக்கு?" என்றாள்.

நான் தப்பித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மாமா விடவில்லை. "சாமி பேரச் சொல்லிட்டீங்க. சொன்னது சொன்னதுதான். படைக்காம உட்டா குத்தம். வர்ற வெள்ளிக்கெழம நம்ம ஊர்க் கடைலயே ஒழுங்கா வாங்கினு வாங்க. வருசா வருசம்" என்றார். சுருட்டு மட்டும் தயாராக இருந்தது. அதில் ஒன்றைக் கேப்டன் தாமஸ் ஞாபகத்துக்காகக் கேட்டு வாங்கி, ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, ரொம்ப நேரம் இருமினார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. போட்டோவில் என் தலையில் முள்ளு முள்ளாய் ஒரு மாத முடி. தாலி கட்டப் போகும் நேரத்தில் கூட்டத்திலிருந்து முரளி "ஊதுங்க பாவா" என்று கத்தியதால், வீடியோவில் எல்லோரும் சிரிக்கிறார்கள், ஐயர் மட்டும் திருதிருவென்று விழிக்கிறார்.

இந்த வருஷமும் படையல் போட்டோம். தாமஸும் அனிதாவும் வந்திருந்தார்கள். வேப்பமரத்தடியில் பொங்கல், சுருட்டு, ஒரு கூலிங் பீர். மாமாவே பாட்டிலை வாங்கி முனீஸ்வரன் கல்லுக்கு முன்னால் மெதுவாக ஊற்றினார். மறுநாள் ஃப்ளைட் இருந்ததால் மூன்று விமானிகளும் வாசனைகூடப் படாமல் வரப்புக்கு அந்தப் பக்கம் நின்று, எந்த ஊரில் இதைவிட நல்ல பீர் கிடைக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஊற்றி முடித்ததும் மாமா வழக்கம்போல என் பக்கம் திரும்பினார். "ஊதுங்க."

நானும் வழக்கம்போல ஊதினேன்.

"நைனா, குடிச்சது அவருதான?" என்றாள் கவிதா அப்பாவிடம், கல்லைக் கண்ணால் காட்டி. "குடிச்சவர உட்டுட்டு இவரப் போய் ஊதச் சொல்றியே."

மாமா சிரிக்கவில்லை. கல்லைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்:

"அவருக்கு நாளைக்கு ஃப்ளைட் இல்லமா."