துப்பாக்கிக்குப் பூர்வீகம் பார்ப்பவர்

ஆள்காட்டி விரல் சாக்பீஸ் தூளைத் தொடுகிறது. துப்பாக்கிக் குழாயின் பக்கவாட்டில், வெறும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றின் மேல் மெல்லத் தேய்க்கிறது. மற்றொரு கை டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கிறது. ஊதக் கூடாது, தூள் பறந்துவிடும். பள்ளத்தில் தங்கிய வெள்ளையில் முதலில் ஓர் எழுத்து, பிறகு பாதி தேய்ந்த ஓர் எண் எழும்பி வருகிறது. கைகளுக்குச் சொந்தக்காரர் இன்னும் மூச்சு விடவில்லை.

இப்படி ஓர் இனம் இருக்கிறது, வாசகரே. பழைய ராணுவத் துப்பாக்கி எந்தப் படையில் வேலை பார்த்தது, எந்தக் கிடங்கில் படுத்துக் கிடந்தது, யார் யார் தோளில் தொங்கியது என்று துருவித் துருவிப் பார்க்கும் இனம். வேட்டைக்காரரோடு இவரைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இவர் ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. கதவை ஓங்கிச் சாத்தினாலே திடுக்கிடுவார். துப்பாக்கி சுடுமா? அதைப் பற்றி இவருக்கென்ன. எங்கே இருந்து வந்தது? அதைச் சொல்லுங்கள்.

நம்மவர் தையல் மெஷின் பழுது பார்த்து ஓய்ந்தவர். துப்பாக்கிப் பாடமெல்லாம் தானாகப் படித்தது. கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் நாற்காலியைக் கவிழ்த்து அடியில் முத்திரை தேடுபவருக்கு, மைத்துனர் ‘பூர்வீகம்’ என்று பெயர் வைத்ததில் என்ன தப்பு? யாராவது துப்பாக்கியைப் பளபளவென்று துடைத்து எடுத்து வந்தால் முகம் இழவு வீட்டுக்குப் போனது போலத் தொங்கிவிடும். “தொடைச்சிட்டீங்களா? அதுல என்னென்ன இருந்துச்சோ” என்பார். அழுக்கு அவருக்கு ஆவணம். எதையும் அடித்துச் சொல்ல மாட்டார். இருக்கலாம், இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். வீட்டம்மா ஒருநாள் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டதற்கு, “சாப்பிட்டிருக்கலாம்” என்றார். தட்டைப் பார்த்துத்தான் அந்த அம்மாள் முடிவுக்கு வர வேண்டியிருந்தது.

இப்போது மேஜையில் கிடப்பது முடிதிருத்தக் கடைக்காரர் கொண்டுவந்த துப்பாக்கி. கடைக் கண்ணாடிக்கு மேலே, அவருடைய அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. அப்பாவும் அதே கடையில் கத்தி பிடித்தவர். அதற்கு முன்னால் ராணுவம். இந்தத் துப்பாக்கியோடுதான் போர்முனையில் நின்றேன் என்று, சோப்பு நுரை பூசிய, எழுந்து ஓட வழியில்லாத முகங்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே காலம் தள்ளியவர். குழாயில் ஒரு துளை; அதனால் சுட முடியாது. போர் முடிந்த பிறகு துளையைப் போட்டு, துப்பாக்கியைத் தனக்கே கொடுத்துவிட்டார்கள் என்பார்.

“என் தம்பி போன வாரம் கடை நிறைய ஆளை வெச்சுக்கிட்டு, ‘அப்பா விட்டதெல்லாம் கதை’ன்னுட்டான் சார்,” என்றார் கடைக்காரர். “எனக்கு வெட்டிட்டிருந்த கை நின்னுபோச்சு. நீங்க பார்த்துச் சொல்லுங்க. நிஜம்னா திரும்ப மாட்டுறேன். பொய்னா பரண்ல போட்டுட்டு, அப்பா படத்தையும் கழட்டிடுவேன்.”

இப்போது அந்த வெள்ளைத் தூளில் தெரிவது என்ன? துளை போட்டபோது அதன் பக்கத்தில் குத்திய வருடம். போர் தொடங்குவதற்கு முந்தைய வருடம். போர்முனைக்குப் போகும் துப்பாக்கியில் எவனும் துளை போட மாட்டான். போதாதென்று, துப்பாக்கியின் மரக் கட்டை மேல் பாலீஷை ஓரிடத்தில் விலக்கிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பட்டை. சுடுவதற்கு இல்லை, பயிற்சிக்கு மட்டும் என்பதற்கான அடையாளம். அதை மறைத்துப் பாலீஷ் பூசியது யார் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

பூர்வீகத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த இனத்தின் குணம் அது. வீடு இடிந்தாலும் அஸ்திவாரம் தெரிகிறதே என்று மகிழும்.

“போருக்கே போகல! நூத்துக்கு நூறு,” என்று சமையலறை வரை போய்ச் சொன்னார்.

“ஒருநாளும் நூத்துக்கு நூறு சொல்லாத மனுஷன், இதுக்குப் போய்ச் சொல்றீங்களே,” என்றார் வீட்டம்மா. “அந்தாளு அப்பா படத்தைக் கழட்டப் போறாரு.”

“முத்திரை சொல்றதைத்தானே நான் சொல்ல முடியும்?”

“முத்திரைக்கு யாரு மூஞ்சியையும் பார்க்க வேண்டியதில்ல. உங்களுக்கு இருக்கு.”

அறிக்கையில் ஒரு வரி பொய்யாகக் கூட்டி எழுதினால் யாருக்குத் தெரியும்? அவருக்குத் தெரியும். அதனால் எழுதவில்லை. ஆனால் தூக்கமும் வரவில்லை என்பதால் மறுபடி கட்டையைப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, மரம் வழவழவென்று குழிந்திருந்தது. தோளில் உரசிய இடமும் இல்லை, கீழே ஊன்றிய இடமும் இல்லை. மறுநாள் காலை வீட்டம்மா கூடத்துக்கு வந்தபோது, பனியனோடு விறைப்பாக நின்று, துப்பாக்கியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதன் கட்டையைப் பட்பட்டென்று உள்ளங்கையால் அறைந்துகொண்டிருந்தார் கணவர். ஒவ்வோர் அறையும் அந்தக் குழிவில் போய் விழுந்தது.

“டாக்டரைக் கூப்பிடவா?”

“அணிவகுப்பு மரியாதை. இந்த இடத்துல எத்தனை பசங்க அறைஞ்சிருக்கணும் தெரியுமா, மரம் இப்படித் தேய!”

அறிக்கை தயாரானது. கடைக்காரர், எல்லோரையும் போலக் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டினார்: ‘இந்தத் துப்பாக்கி போர்முனைக்குப் போகவில்லை. போர்முனைக்குப் போனவர்கள் இதைப் பிடித்துப் பழகியிருக்கலாம்.’

அந்த வரியை இன்னொரு தடவை படித்தார்.

“அப்ப எங்கப்பா பயிற்சி கொடுத்தவரா?”

“துப்பாக்கிக்குத்தான் நான் பொறுப்பு தம்பி. அப்பாவுக்கு இல்ல.”

“‘தலை நேரே! தோளை இறக்கு! அசையாதே!’ இப்படித்தான் சார் முடி வெட்டுவாரு. போலீஸ்காரரே அவர் நாற்காலியில விறைச்சுப்போய் உட்காருவாரு.” கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணையும் துடைத்துக்கொண்டார். “போருக்குப் போனேன்னு புளுகினது புளுகுதான். தம்பிகிட்ட ஒத்துக்குறேன். ஆனா இதையே சொல்லியிருக்கலாமே மனுஷன். கொடுங்க சார், மாட்டணும்.”

பூர்வீகம் துப்பாக்கியை இரண்டு கையாலும் நீட்டினார். கடைக்காரர் வாங்கப் பிடித்தார். ஆனால் துப்பாக்கி வரவில்லை. சாய்ந்த வெயிலில், கட்டையின் முனையில் பதித்த பின்தகட்டின் திருகாணிக்கு அருகே, அதுவரை கண்ணில் படாத, கடுகளவே இருந்த ஒரு முத்திரையைப் பார்த்துவிட்டார் நம்மவர்.

“இன்னும் ரெண்டே நாள் வெச்சுக்கிட்டா...”

“கையை விடுங்க சார்.”

விட்டார். கடைக்காரர் படியிறங்கிப் போய்விட்டார். அது என்ன முத்திரை என்று கேட்கிறீர்களா? கேட்காமல் அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருந்தால் நீங்கள் தப்பித்தீர்கள். கேட்டிருந்தால், ஒரு சாக்பீஸும் டார்ச்சும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ளவர்களிடமும் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.